சைன் வளைவின் பயன்

கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பேர் குரலும் கேட்காது. வாய்கள் அசையும், கைகள் ஆடும், மனைவியின் கழுத்து நரம்புகூடப் புடைக்கும்; சத்தம் மட்டும் வராது. கல்யாணமான புதிதில் இப்படி இல்லை. மனைவி வாயைத் திறந்தால் தானும் திறப்பது என்ற பழக்கத்தை வாத்தியார் வருஷக்கணக்கில் விடாமல் காப்பாற்றியதில், இருவர் குரலும் உயரத்திலும் நீளத்திலும் ஒன்றாகி, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கத் தொடங்கிவிட்டது. சண்டை சச்சரவே இல்லாத குடும்பம் என்று மாடி வீட்டுக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள்.

வாத்தியாருக்கோ பெருமை தாங்கவில்லை. கரும்பலகையில் சைன் வளைவு வரைந்தார்: பூஜ்யத்தில் கிளம்பி, மேடேறி, மறுபடி பூஜ்யத்தைத் தொட்டு, அதே அளவு பள்ளத்தில் இறங்கி எழும் கோடு. அதன் மேலேயே தலைகீழாக இன்னொன்று. "ரெண்டையும் கூட்டிப் பாருங்க, ஒண்ணுமே மிஞ்சாது. எங்க வீட்டுக்கு வந்தா நேர்லயே பாக்கலாம்." ஒரு மாணவி எழுந்து, "இதனால என்ன பிரயோஜனம் சார்?" என்று கேட்டாள். "வீடு அமைதியா இருக்கும்மா" என்றார். வகுப்பே சிரித்தது.

மனைவிக்கு நெஞ்சு வலி வந்தது அந்த வருஷம்தான். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று அவள் சொன்னபோது அவரும் கூடவே பேசியதால், அதுவும் கேட்கவில்லை. டாக்டர் இரண்டு வாய்கள் அசைவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாராவது ஒருத்தர் சொல்லுங்க" என்றார். மனைவி மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் வாத்தியார் முந்திக்கொண்டார். "வெறும் வாயுதான் டாக்டர். நேரத்துக்குச் சாப்பிட மாட்டா." டாக்டர் வாயுவுக்கு மாத்திரை எழுதினார். அந்த அம்மாள் அதை ஒழுங்காக விழுங்கி, மழைக்காலம் முடிவதற்குள் செத்துப்போனாள். அநியாயச் சாவு, வேறென்ன சொல்வது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று புலம்பத்தான் வாத்தியார் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பேசிப் பார்த்தார், உதடுதான் அசைந்தது. மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க. அம்மா பேசிட்டிருக்காங்க."

அவர் வாயை மூடினார். சமையலறைப் பக்கமிருந்து குரல் தெளிவாக வந்தது. நெஞ்சில் எந்த இடத்தில் வலிக்கிறது, எப்போது ஆரம்பித்தது, படியேறினால் எப்படி அடைக்கிறது என்று முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் நாற்காலிகளை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார்கள்.