எட்டாம் நாள் கையெழுத்து

1

இந்தக் கதை எனக்கு ஒரு பயத்தினால் கிடைத்தது. நான் ஓய்வூதியக்காரன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒரு முறை ஓர் அதிகாரி என் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போன நவம்பரில் அதற்காகக் கொடைக்கானலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் கைரேகை இயந்திரத்தில் பதியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே வெளியே போனார். வரிசையை விட்டு வந்து பஜாரில் ஒரு கம்பளிக் கடையில் உட்கார்ந்துவிட்டேன்.

கடைக்காரியின் பெயர் சர்புன்னிசா. தண்ணீர் கொடுத்துவிட்டு, இந்தக் குளிரில் ஏன் இப்படி வேர்க்கிறது என்று விசாரித்தார். சொன்னேன். "கையெழுத்துக்குப் பயந்தது நீங்க மட்டுமில்லங்க. நாலு தலைமுறைக்கு முன்னால எங்க குடும்பத்துல ஒரு அம்மா பத்து நாள் பயந்து கெடந்திருக்காங்க" என்றார். பிறகு ஏழெட்டு வாக்கியங்களில் ஒரு சம்பவத்தைச் சொன்னார்.

அந்த ஏழெட்டு வாக்கியங்கள் அவருடையவை. மற்றதெல்லாம் நான் சேர்த்தது. முக்கியமான இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

2

தொடக்கத்துக்கு மூன்று முறை முயன்றேன்.

"1907-ஆம் வருஷம் ஐப்பசி மாதம், பழனி மலையின் மேல் மேகங்கள்..." (மேகத்தைப் பற்றி எழுதினால் பயம் போய்விடுகிறது. விட்டேன்.)

"ஒலியுல்லா மிகவும் நல்லவன்." (நல்லவன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவன் கோழையாகும் இடத்தில் நான் மாட்டிக்கொள்வேன். இதையும் விட்டேன்.)

மூன்றாவது இது. நிற்கட்டும்:

ஒலியுல்லா கொடைக்கானல் பஜாரில் குடையும் விளக்குச் சிமினியும் நூல்கண்டும் விற்றுக்கொண்டிருந்தான். அவன் மனைவி ரஹ்மத்துன்னிசா பிரசவத்துக்காகக் கோயமுத்தூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். மகள் ரபியா பிறந்து ஐந்தாம் மாதம், அந்த ஊரில் பிளேக் பரவுகிறது என்று கடிதம் வந்தது. ஒலியுல்லா கடையைப் பூட்டிவிட்டு ஓடினான். தெருவில் மூன்று வீடுகளுக்கு வெளியே சுண்ணாம்பு கொட்டிக் கிடந்தது. மறுநாள் வெள்ளனே மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டான்.

அம்மையநாயக்கனூரில் இறங்கியதும் ரயிலடியிலேயே நிறுத்தி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிளேக் பாஸ்போர்ட் என்று பெயர்.*

* கடல் தாண்டும் சோலி எதுவும் இதில் இல்லை. நோய் கண்ட ஊரிலிருந்து வருகிறவர் போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள், தினம் ஒரு தரம், அதற்கென்று இருக்கும் குமாஸ்தா முன்னால் போய் நிற்க வேண்டும். ஆள் நலமாக இருந்தால் கையெழுத்து. பத்து ஆனால் விடுதலைச் சீட்டு. அதுவரை கடை திறக்கக் கூடாது, யார் வீட்டுக்கும் போகக் கூடாது. காய்ச்சலோ கட்டியோ கண்டால் ஊருக்கு வெளியே, நோயாளிகளை ஒதுக்கி வைக்கும் கொட்டகை.

சீட்டில் ஒலியுல்லாவின் அங்க அடையாளமாக இடது புருவத்துத் தழும்பைக் குறித்தார்கள். ரஹ்மத்துன்னிசா முகத்தை மறைத்திருந்ததால் "கோஷா ஸ்திரீ" என்று மட்டும் எழுதினார்கள். ரபியாவுக்குப் பெயர்கூட இல்லை. "கைக்குழந்தை ஒன்று."

மாட்டுவண்டியில் அடிவாரம். அங்கிருந்து நடை. மழை ஈரத்தில் ரஹ்மத்துன்னிசாவின் வலது காலில் ஏழெட்டு அட்டைகள் கடித்திருந்தன.

3

குமாஸ்தாவின் பெயர் சுப்புராஜ். முதல் படியில் அவரை லஞ்சம் வாங்குகிறவராக எழுதினேன். சர்க்கார் குமாஸ்தா என்றதும் என் கை தானாக அப்படிப் போகிறது. சர்புன்னிசா அவரைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அவரும் பயந்தார். அதனால் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

சுப்புராஜ் சீட்டைக் கையால் தொடமாட்டார். இடுக்கியால் வாங்கி, மேஜைமேல் வைத்து, கையெழுத்துப் போட்டு, இடுக்கியாலேயே திருப்பித் தருவார். அறை முழுக்க பினாயில் வாடை. கோஷாப் பெண்ணைத் தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் அவராக ஒரு வழி வைத்திருந்தார். ஆபீஸ் வாசலிலிருந்து முற்றத்துப் பேரிக்காய் மரம் வரைக்கும் நடந்து போய்த் திரும்ப வேண்டும். தொடை இடுக்கில் நெறி கட்டினவர்களால் நேராக நடக்க முடியாது. அதைக் கண்டுபிடிக்க இருபது அடி போதும் என்பது அவர் கணக்கு.

ஐந்து நாள் அவள் நடந்தாள். ஐந்து கையெழுத்து.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வலது தொடை இடுக்கில் விரலுக்குத் தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு. தொட்டால் வலித்தது.

4

(இங்கே என்னால் இரண்டு நாள் எழுத முடியவில்லை. என் தொடை இடுக்கை நானே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆறாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு மரம் வரை நேராக நடந்தாள். ஏழாம் நாளும் நடந்தாள். கையெழுத்து விழுந்தது.

ஏழாம் நாள் சாயங்காலம் குழந்தை அழுதது. ரஹ்மத்துன்னிசா எடுக்கவில்லை. அறையின் மறுகோடியில் உட்கார்ந்து, ஆட்டுப்பால் வாங்கி வரும்படி புருஷனிடம் சொன்னாள். தாய்ப்பால் இருக்கும்போது ஆட்டுப்பால் எதற்கு என்று ஒலியுல்லாவுக்குப் புரியவில்லை. குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைக்கப் போனான். அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டாள்.

"கிட்ட கொண்டுவராதீங்க. எனக்குக் கட்டி வந்திருக்கு."

அவன் குழந்தையோடு அப்படியே நின்றான். பிறகு, அது அட்டைக்கடி விஷமாக இருக்கும், கால் புண் பழுத்தால் நெறி கட்டத்தான் செய்யும் என்று மளமளவென்று பேசினான். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இன்னொன்றையும் சொன்னாள். புறப்படுவதற்கு முந்தின நாள் தாய்வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் ஓர் எலி செத்துக் கிடந்தது. அவள்தான் முறத்தில் அள்ளி வெளியே போட்டாள். சொன்னால் பயணம் நின்றுவிடும் என்று யாருக்கும் சொல்லவில்லை.

எலி செத்து விழுந்தால் அடுத்தது அந்த வீட்டு மனிதர்கள் என்பது அந்த நாளில் எல்லோருக்கும் தெரியும். ஒலியுல்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டின் முன்கட்டான கடைக்குப் போனான். நடுவில் இருந்த கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளும் போட்டான். போட்ட பிறகுதான் தன் கை செய்ததை அவன் பார்த்தான். தாழ்ப்பாளைத் திரும்ப எடுத்தான். ஆனால் கதவைத் திறக்கவில்லை.

(சர்புன்னிசா இந்தத் தாழ்ப்பாளைச் சொல்லவில்லை. நான் சேர்த்தது. அவன் இடத்தில் இருந்தால் நான் எடுத்திருக்க மாட்டேன்.)

5

எட்டாம் நாள். போகாவிட்டால் தேடி வருவார்கள். ஒலியுல்லா குழந்தையைத் தூக்கிக்கொள்ள, இருவரும் போனார்கள்.

மரம் வரைக்கும் போய்விட்டாள். திரும்பும்போது வலது கால் வெளிப்பக்கமாக வளைந்தது. ஒரே ஓர் அடி. சுப்புராஜ் நாற்காலியிலிருந்து எழுந்து, பின்னால் நகர்ந்து, சுவரில் முட்டி நின்றார்.

எத்தனை நாளாச்சு என்று கேட்டார். மூன்று நாள் என்றாள். அட்டை கடித்த புண் என்றான் ஒலியுல்லா. காட்டச் சொன்னார். ரஹ்மத்துன்னிசா தன் வாழ்நாளில் அன்னிய ஆண் ஒருவருக்குப் பாதத்தைக் காட்டியதில்லை. புடவையைக் கணுக்கால் வரை ஒதுக்கினாள். புண் பழுத்து மஞ்சளாக இருந்தது.

புண் மெய். எலியும் மெய். எது கட்டியைக் கொண்டுவந்தது என்று சொல்ல அந்த மலையில் யாரும் இல்லை. விதிப்படி சுப்புராஜ் டாக்டருக்கு ஆள் அனுப்ப வேண்டும். சாயங்காலத்துக்குள் தாயும் குழந்தையும் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். அவர் பேனாவை எடுத்தார். வைத்தார். பிறகு வாசலைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துப் பேசினார்.

"போன மாசம் பிச்சையம்மாள்னு ஒரு அம்மாவக் கொட்டகைக்கு எழுதினேன். அவங்களுக்கு இருந்தது வெறும் வேனல்கட்டி. கொட்டகையில பக்கத்துல கெடந்தவங்ககிட்டயிருந்துதான் நோவு புடிச்சுது. ஏழாம் நாள் போயிட்டாங்க."

பிறகு அவர் கேட்டார்: "ஊர்ல, உங்க வீட்டுல எலி ஏதும் விழுந்துச்சாம்மா?"

ஒலியுல்லா மனைவியைப் பார்த்தான். ரஹ்மத்துன்னிசா குழந்தையைப் பார்த்தாள்.

"இல்லங்கய்யா" என்றாள்.

6

வாசகரே, இங்கே அவளை வெறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. நானும் ஒரு வாரம் வெறுத்தேன். "உண்டுங்கய்யா" என்று அவளைச் சொல்லவைத்து ஒரு படி எழுதினேன். அதில் அவள் உத்தமி. குழந்தை கொட்டகைக்குப் போயிற்று. அடுத்த வாக்கியத்தை எழுத என் கை—

அந்தப் படியை வைத்துக்கொள்ளவில்லை.

7

சுப்புராஜ் கையெழுத்துப் போடவும் இல்லை, டாக்டருக்கு எழுதவும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். யாரையும் உள்ளே விடாதீர்கள், குழந்தையைத் தகப்பனிடமே விடுங்கள் என்றார். கொள்ளை நோயானால் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது; பத்தாம் நாள் ராத்திரி தாண்டி உயிரோடு இருந்தால் அது அட்டைக்கடி. அதுவரை கையெழுத்துக் கேட்க ஆபீஸ் இருக்காது என்றார்.

எப்படி இருக்காது என்று ஒலியுல்லா கேட்டான்.

"எனக்குக் காச்சல்னு எழுதி வச்சுட்டுப் பூட்டிருறேன். மாத்து ஆள் பெரியகுளத்துலேருந்து ஏறி வர மூணு நாளாகும். வெரசா போங்க."

இங்கேதான் எனக்கு சுப்புராஜ்மேல் சந்தேகம். பிளேக் குமாஸ்தா காய்ச்சல் என்று எழுதினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தே எழுதினாரா, தனக்கு விதி பொருந்தாது என்று நினைத்தாரா? அவருடைய அறைக்குள் போய்ப் பார்க்க மூன்று முறை முயன்றேன். பினாயில் வாடை மட்டும்தான் கிடைத்தது.

அன்று மத்தியானமே டாக்டர் வந்து பார்த்தார். காய்ச்சல் விட்டுவிட்டது என்று சுப்புராஜ் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அவரைக் கொட்டகைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். பெரும்பாறைக் காப்பித் தோட்டத்திலிருந்து வந்த கூலி ஒருவன் ஏற்கெனவே அங்கே கிடந்தான். அவனுக்கு இருந்தது நிஜமான நோய்.

8

ரஹ்மத்துன்னிசா கதவுக்குப் பின்னால் கிடந்து குழந்தையின் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மார் கட்டிக்கொண்டு வலித்தது. ஒலியுல்லா கஞ்சியைக் கதவருகே வைத்துவிட்டு விலகிவிடுவான். வைத்ததும் ஒவ்வொரு தரமும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். அவள் பதில் சொல்லும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான்.

ஒன்பதாம் நாள் கால் புண் உடைந்து சீழ் வடிந்தது. பத்தாம் நாள் கட்டி கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கியது. பத்தாம் நாள் ராத்திரி தாண்டியது. விடிந்ததும் ஒலியுல்லா கதவைத் திறந்தான். அவள் குழந்தையை வாங்கவில்லை. வெந்நீர் கேட்டு, இரண்டு தரம் குளித்துவிட்டு, அப்புறம்தான் வாங்கினாள்.

அன்று சாயங்காலம் மாற்று ஆள் வந்து சேர்ந்தார். மறுநாள் காலை இருவரையும் பார்த்துவிட்டு, விடுபட்ட நாட்களுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். விடுதலைச் சீட்டு கிடைத்தது. சுப்புராஜ் ஐயா எங்கே என்று ஒலியுல்லா கேட்டான். மாற்று ஆள் கொட்டகை இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

அதுவரை அவர்களுக்கு இது தெரியாது.

ஒலியுல்லா வீட்டுக்குப் போகலாம் என்றான். சீட்டு கையில் வந்துவிட்டது, இனிமேல் அந்தப் பக்கம் எதற்கு என்றான். ரஹ்மத்துன்னிசா குழந்தையை அவன் கையில் கொடுத்தாள்.

"அவருகிட்ட நான் பொய் சொல்லிட்டேங்க" என்றாள்.

நொண்டிக்கொண்டே நடந்தாள். அவன் பின்னால் வந்தான். கொட்டகை கண்ணுக்குத் தெரிகிற திருப்பத்தில் அவன் கால்கள் நின்றுவிட்டன. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. கையில் குழந்தை இருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். காவல்காரன் இல்லை. முள்வேலி. அதற்கு அப்பால் ஐம்பது அடியில் கீற்றுக் கொட்டகை. வாசலில் மூங்கில் தட்டி சாத்தியிருந்தது. கொட்டகைக்குப் பக்கத்தில் புதிதாகச் சுண்ணாம்பு கொட்டிய மண். ஒரு குழி அளவு. உள்ளே போனவர்கள் இரண்டு பேர்.

வேலியைப் பிடித்துக்கொண்டு அவள் கூப்பிட்டாள்.

"குமாஸ்தா ஐயா."

9

சர்புன்னிசா இங்கே நிறுத்திவிட்டார். பதில் வந்ததா என்று கேட்டேன். "கூப்பிட்டேன்னுதான் அந்தம்மா சொல்லுவாங்களாம். அதுக்கு மேல ஒரு நாளும் சொன்னதில்லையாம்" என்றார்.

ஒரு முடிவில் சுப்புராஜின் குரல் வருகிறது: கிட்ட வராதீங்கம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. எழுதிப் பார்த்தேன். அப்படியானால் அவள் அதை ஊரெல்லாம் சொல்லியிருப்பாளே என்று தோன்றியது. இன்னொரு முடிவில் கூலியின் குரல் வருகிறது; குழி சுப்புராஜுடையது. அதையும் எழுதினேன். ரபியா வளர்ந்து, பிள்ளை பெற்று, அந்த வழியில் வந்த சர்புன்னிசா எனக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. அந்தத் தாளை மேஜைமேல் வைத்திருக்க முடியவில்லை. பழைய பதிவேடு எங்காவது இருக்கும். தேடிப் போக எனக்குத் தைரியம் இல்லை.

அதனால் இந்த இடத்தை உங்களிடம் விடுகிறேன். அவள் இரண்டாம் தரமும் கூப்பிட்டுவிட்டாள். தட்டி அசைகிறது. அது முழுதாகத் திறக்கும்வரை அவள் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும். குழந்தையோடு திருப்பத்தில் நின்றுவிட்டவனின் பக்கத்தில் நான் இருக்கிறேன்.