இயல்பு நவிற்சிக்கு ஓர் உதாரணம்

உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள வித்தியாசம் அண்ணிக்குப் பிடிபடவே இல்லை. மற்றதெல்லாம் வந்துவிட்டது. அடுப்பில் கறிக் குழம்பு கொதிக்க, அண்ணி மாவு பிசைய, நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பேன். அவள் சொல்லும் எல்லா உதாரணத்திலும் என் அண்ணன்தான் இருப்பான்.

"உயர்வு நவிற்சி?"

"உன் அண்ணன் விடுற குறட்டையில மலையில இருக்குற பனியெல்லாம் சரிஞ்சு வரும்."

"வஞ்சப் புகழ்ச்சி?"

"உன் அண்ணன் மாதிரி சமையல்காரர் நரின் ஜில்லாவுலயே கிடையாது. வெந்நீர்கூட தீஞ்சு போகும்."

அண்ணியையும் சின்ன மகனையும் எங்களோடு விட்டுவிட்டு அண்ணன் மாஸ்கோவில் இருந்தான். குளிர்காலத்தில் அங்கே அடுக்குமாடிக் கூரைகளில் ஏறிப் பனியைத் தள்ளுகிற வேலை. அண்ணி தபால் வழியில் படித்து எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே இலக்கிய ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. அம்மா போன பிறகு எட்டாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். வீட்டைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது என்பது ஒரு காரணம். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்கு வாயே திறக்காது என்பது இன்னொன்று. பதில் தெரியும், சொல்லத்தான் வராது. அண்ணியிடம் மட்டும் பேச்சு வந்தது.

அண்ணியின் பேச்சே ஒரு பாடம்தான். எங்கள் பக்கம் மருமகள் புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்லக் கூடாது. அந்தப் பெயருக்குள் இருக்கும் சொல்லையும் சொல்லக் கூடாது. அப்பா பெயர் தாஷ்தான். தாஷ் என்றால் கல். அதனால் கல்லை அவள் 'கனம்' என்பாள். அண்ணன் பெயர் தெமிர். தெமிர் என்றால் எங்கள் மொழியில் இரும்பு. அதனால் இரும்பு 'கறுப்பு' ஆகிவிட்டது. "கறுப்பைக் கழுவி வை" என்றால் சட்டியைக் கழுவ வேண்டும். எனக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள், நீளச்சடை என்று.

ஒருநாள் போனில் அண்ணன் அவளைக் கேலி செய்தான். பரீட்சையில் இரும்பு என்று எழுத வேண்டி வந்தால் என்ன செய்வாய் என்றான். அந்தக் கேள்வியையே விட்டுவிடுவேன் என்றாள் இவள். "அப்ப என்னால உனக்கு ஒரு மார்க் போச்சு" என்று அவன் சிரித்தான்.

அவள் மிகவும் சிரித்தது இயல்பு நவிற்சிக்குத்தான். ஒன்றை உள்ளபடியே சொல்வது, கூட்டாமல், குறைக்காமல், வேறொன்றோடு ஒப்பிடாமல்.

"இருக்கிறத இருக்கிற மாதிரி சொல்றதுக்கும் ஒரு பேரா? அப்ப எங்கம்மா பெரிய கவி. 'மாடு கட்டவிழ்த்துக்கிட்டு ஓடிருச்சு, நீ இங்க தூங்கிட்டிருக்க'ம்பா."

உருவகம் அவளுக்குக் கடைசியில் புரிந்ததும் என்னால்தான். பக்கத்து வீட்டுக் கூலாயின் மாமியார் இறந்தபோது பெரியவர் அசன்குல் வந்து பேசினாரே, நினைவிருக்கிறதா என்று கேட்டேன். எங்கள் ஊரில் சாவை நேராகச் சொல்ல மாட்டார்கள். நேராகச் சொன்னால் சொன்னவர் வாயோடு சாவு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். ஆண்கள் சேர்ந்து வந்து உட்கார்ந்து, ஓடை வற்றியதையும் பனி உருகியதையும் பேசுவார்கள். கேட்கிறவர் மெல்லப் புரிந்துகொண்டு அழத் தொடங்குவார்.

"ஓடை மாதிரின்னு அவரு சொல்லல. ஓடைன்னே சொன்னாரு. அதுதான் உருவகம், அண்ணி."

அவள் மாவுக் கையோடு நிமிர்ந்தாள். பிறகு தலையசைத்தாள். அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் தப்பவில்லை.

பரீட்சைக்கு அண்ணி நரினுக்குக் கிளம்ப வேண்டிய வாரம். காலையில் நான் மாட்டுக் கொட்டிலில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தேன். அப்பா கூலாய் வீட்டுப் பக்கமிருந்து வந்தார். கதவைத் திறந்தார், மூடினார், திரும்பவும் திறந்தார். அண்ணியின் போனை வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். மாட்டு வைத்தியரைக் கூப்பிட வேண்டுமாம். எங்கள் மாடுகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அது உள்ளேயே அடித்தது. அவர் எடுக்கவில்லை. பையின் மேலேயே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார், குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பது போல. வேலிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். யாரும் எங்கள் வீட்டைப் பார்க்கவில்லை. கூலாய் வந்து, என் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடட்டும் என்று அண்ணனின் மகனைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது குழந்தையின் உச்சியை மோந்துகொண்டே போனாள்.

"உள்ள போயி விரிப்பு விரி. டீ போடு," என்றார் அப்பா. "அண்ணிகிட்ட ஒண்ணும் சொல்லாத. பெரியவர் வருவாரு."

யார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் வெளியூரில் இருந்தது ஒருவன்தான்.

உள்ளே அண்ணி தரையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். கேள் என்றாள். நான் விரிப்பை உதறிப் போட்டேன், ரொட்டியைப் பிய்த்து வைத்தேன், கிண்ணங்களைத் துடைத்தேன். கேளேன் என்றாள் மறுபடியும். உவமை என்றேன். அவன் வசந்தத்தில் வரும்போது ஊரே தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி சத்தம் போடும் என்றாள். ஆகுபெயர் என்றேன். உயர்வு நவிற்சி என்றேன். எல்லாவற்றிலும் அவன் வந்துகொண்டே இருந்தான். சாமான்களோடு, மகனுக்கு வாங்கிய சைக்கிளோடு, இவளுக்கு வாங்கிய பூட்ஸோடு. அதற்கு மேல் கேட்க என்னால் முடியவில்லை. அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு வர்றாங்க, இவ்வளவு ரொட்டி வைக்கிற?"

அப்போதே கதவு திறந்தது.

பெரியவர் அசன்குல் முதலில் வந்தார். அவர் பின்னால் ஆண்கள், கடைசியாக அப்பா. வெள்ளைத் தொப்பிகளைக் கழற்றாமல் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். அண்ணி எழுந்து, குனிந்து வணங்கி, டீ ஊற்றத் தொடங்கினாள். யாரும் கிண்ணத்தைத் தொடவில்லை. பெரியவர் தாடியைத் தடவிவிட்டுக்கொண்டு தொடங்கினார்.

"மகளே, ஒருத்தன் ஆசையா ஒரு ராஜாளிய வளர்த்தான். தூரத்து மலைக்குப் பறக்கவிட்டான். கயிறு அறுந்துபோச்சு. கைதான் மிச்சம்."

அண்ணி அடுத்த கிண்ணத்தை எடுத்தாள்.

"இது உருவகம், பெரியவரே," என்றாள். மருமகளுக்குரிய தாழ்ந்த குரலில், மரியாதையாகத்தான் சொன்னாள்.

பெரியவர் இமைக்காமல் அவளைப் பார்த்தார். ஊரில் எத்தனையோ வீட்டில் அவர் இதைச் சொல்லியிருப்பார். இப்படி ஒரு பதில் எங்கும் வந்திருக்காது. மறுபடியும் தொடங்கினார். வாசலில் நின்ற நெட்டை மரம் காற்றில் சாய்ந்ததைச் சொன்னார். அதுவும் உருவகம் என்றாள். விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது ஒன்று என்றார். "இது உவமை. மாதிரின்னு வந்திருச்சு." கிண்ணம் நிரம்பி டீ விரிப்பில் வழிந்து ரொட்டியை நனைத்தது. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

நான் போய்க் கெட்டிலை அவள் கையிலிருந்து வாங்கினேன். அவள் விரிப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"புஸ்தகத்துல வர்ற ராஜாளியெல்லாம் நிஜம்னு யாரும் அழறதில்ல. கதையில எத்தனையோ மரம் சாயும். நேராச் சொல்லுங்க. சொல்லலேன்னா நாளன்னிக்கு நான் நரின் போறேன், பரீட்சை எழுதுறேன், வசந்தத்துல அவரு வர்றாரு."

 ஒருவர் தொண்டையைச் செருமினார். விதி, கடவுள் கொடுத்தது என்று ஏதோ சொன்னார். அப்பாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் பைக்குள் போன் மறுபடியும் அடித்து நின்றது.

அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

"நீளச்சடை. இயல்பு நவிற்சிக்கு ஒரு உதாரணம் சொல்லு."

நான் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறை முழுக்க ஆண்கள். வகுப்பில் நின்றது போலவே வாய் ஒட்டிக்கொண்டது.

"தெமிருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. சுவரோரம் இருந்தவர்கள் ஒரே சமயத்தில் தலை நிமிர்ந்தார்கள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணன் செத்துப்போச்சு, அண்ணி," என்றேன். எப்படி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அவன் வேலை எனக்குத் தெரியும். அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். "கூரையிலேர்ந்து விழுந்து செத்துப்போச்சு."

அண்ணி உட்கார்ந்தாள். நனைந்த ரொட்டியைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் அவளிடமிருந்து வந்தது.

அண்ணனின் உடல் விமானத்தில் வந்தது. முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டார்கள். ஆண்கள் வெளியே "என் ஈரலே" என்று கதறிக்கொண்டு வந்தார்கள். கூடாரத்துக்குள் அண்ணி கறுப்பு உடுத்தி, வந்தவர்களுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாட வேண்டும். செத்தவனைச் சிங்கம் என்றும், ஆயிரம் குதிரைகளின் சொந்தக்காரன் என்றும் பாடுவது முறை. அண்ணி அப்படிப் பாடவில்லை. குழந்தை தூங்கினால் வெளியிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு வருவான் என்று பாடினாள். வெந்நீரைத் தீய்ப்பான் என்று பாடினாள். குறட்டை விடுவான் என்று பாடினாள். இப்படியும் ஒரு ஒப்பாரியா, பாவம், தெரியவில்லை என்று பின்னாலிருந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களாலும் முணுமுணுக்க முடியவில்லை.

பரீட்சைக்கு அவள் போகவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அப்பா சொன்னார். 

வீட்டில் ஒன்று மாறியிருக்கிறது. அண்ணி இப்போது இரும்பைக் கறுப்பு என்பதில்லை. தெமிர்ச் சட்டியை எடு என்கிறாள். தெமிர்க் கொக்கியைப் போடு, தெமிர் வாளியில் தண்ணீர் கொண்டு வா என்கிறாள். ஒரு நாளில் இத்தனை முறை இரும்பைச் சொல்ல வேண்டிவரும் என்று எனக்குத் தெரியாது. மருமகள் இப்படிப் பேசக் கூடாது என்று அப்பா ஒருமுறையும் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு வாசலைப் பார்க்கிறார். பிறகு வேலையைத் தொடர்கிறார்.