திறந்து பார்க்காத ஃபைல்கள்

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களை பிரெயிலில் அச்சடித்துக் கொடுக்கும் அறக்கட்டளை ஒன்று அடையாறில் இருந்தது. தி.நகரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த மாளவிகா, அங்கிருந்த மெஷின்களைச் சம்பளம் வாங்காமல் கவனித்துக்கொண்டாள். அங்கே அவளுக்கு நல்ல பெயர்.

1998 அக்டோபரில் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஒரு சனிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றினாள். ஃபைல்களின் எண்ணிக்கை சரியாக இருந்தது, அளவும் சரியாக இருந்தது. ஒன்றையாவது திறந்து பார்த்திருக்கலாம். தோழியின் நிச்சயதார்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. பழைய டிஸ்க்கை அழித்து வேறொரு மெஷினில் மாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை நிர்வாகி சூடாமணி போன் செய்தார். "பிளஸ் டூ வரலாறு மொத்தமும் போச்சும்மா. அது ஒண்ணுதான் இன்னும் அச்சடிக்காம இருந்தது. திறந்தா ஏதேதோ எழுத்தா வருது."

போய்ப் பார்த்தாள். கேபிள் பழுது. காப்பி ஆகும்போதே எல்லாம் சிதைந்திருந்தது. பழைய டிஸ்க்கிலோ அதற்குள் வேறு வேலைகள் ஏறிவிட்டன.

சூடாமணியோடு பக்கத்தில் நின்ற நூர் முஹம்மதுதான் அந்த வரலாற்றை டைப் செய்தவர். அவருக்கும் பார்வை கிடையாது. கேசட்டில் கேட்டுக் கேட்டு எட்டு மாதம் அடித்திருந்தார்.

"பழைய டிஸ்க் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்திருக்கு," என்றாள் மாளவிகா. யோசிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

நூர் முஹம்மது தலைகுனிந்தார். "அப்போ என்னாலதான் மேடம். ரெண்டு மூணு தடவை சரியா மூடாம சுவிட்ச்சை அணைச்சிருக்கேன்."

அப்போதே மறுத்திருக்கலாம். அவள் கேபிளைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நவம்பரில் ஒரு நாள் மாலை மறுபடி போனாள். நூர் முஹம்மது வேலையை முடித்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கிளம்பலையா சார்?"

"மெஷினை யாராவது வந்து அணைக்கணும் மேடம். என்னைத் தொட வேணாம்னு சொல்லிட்டாங்க. நியாயந்தானே."

மாளவிகாவுக்குக் காது மடல் வரை சுட்டது. அவர் பார்க்க முடியாது என்பதில் ஒரு கணம் ஆறுதல் பட்டாள். அப்படி ஆறுதல் பட்டதற்காகக் கூசிப்போனாள்.

"சார், டிஸ்க் நல்லாத்தான் இருந்தது. நான்தான் காப்பியைத் திறந்து பார்க்காம அழிச்சுட்டேன்."

அவர் அவள் குரல் வந்த பக்கம் திரும்பிக் கேட்டார்: "அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இந்த வருஷம் பரீட்சை எழுதற பசங்க பதினோரு பேருக்கும் போன் போட்டு மன்னிப்பு கேட்டேன் மேடம்."

"இனிமே ஞாயித்துக்கிழமை நானும் வந்து டைப் பண்றேன் சார்."

"பண்ணுங்க. கேசட் அலமாரில இருக்கு. அதுக்கு முன்னாடி சூடாமணி அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

சொன்னாள். சூடாமணி திட்டவில்லை. கேட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மார்ச்சுக்குள் பதினான்கு பாடங்களில் ஒன்பதுதான் முடிந்தன. மீதியை யாரையாவது படித்துக் காட்டச் சொல்லித்தான் மாணவர்கள் பரீட்சை எழுதினார்கள். புத்தகம் ஏன் முழுசாக வரவில்லை என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று மாளவிகா பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை.