ஊர் பார்த்தவர்

தூத்துக்குடிப் பக்கம் போக வண்டி கிடைக்குமா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்த வெஸ்லினின் கையிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்தாள் பவுலினா.

"எங்கயும் கொண்டு போகாண்டாம். அடக்கம் இங்கதான்."

வெஸ்லின் அவளுடைய கொழுந்தன். ஓசூரிலிருந்து விடிவதற்குள் வந்து, ஃப்ரீசர் பெட்டிக்கும் பந்தலுக்கும் ஏற்பாடு செய்தவன். ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்து, எங்கள் சுடுகாட்டில் கிறிஸ்தவர்களைப் புதைக்கிற வழக்கமில்லை என்று நயமாகச் சொல்லிவிட்டுப் போனபோது, சரி சரி என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டவனும் அவன்தான்.

"மைனி, இவனுவ எடம் தர மாட்டானுவ. நம்ம ஊருக்கே போயிருவோம். அப்பா பக்கத்துல வச்சிரலாம்."

"வச்சிட்டு? நானும் ஃபெபாவும் வருசத்துக்கு ஒருக்கா டிக்கெட் போட்டுப் போயிப் பாக்கணுமோ?"

இப்போது பவுலினா வீட்டார் ஞாயிறுதோறும் போகிற ஜெபவீட்டுக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. ஓசூரில் முன்பு போன சபையின் தோட்டத்திலோ இடமே மிச்சமில்லை.

பெட்டிக்குள் அவள் புருஷன் ஜெபதுரை கிடந்தார். முந்தின நாள் சாயந்திரம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து, கால் கழுவக் குனிந்தவர் நிமிரவில்லை. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. எல்லோரும் பவுலினாவை அழச் சொன்னார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த மனிதரை உலுக்கி எழுப்பிச் சண்டை போட வேண்டும் போலிருந்தது.

என்னமாய் ஊர் பார்த்தார்! முதல் நெஞ்சுவலிக்குப் பிறகு, ஓசூரின் புகையும் மாடிப்படியும் இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு பைக்கை எடுத்துவிடுவார். பின்னால் பவுலினா. சிங்காரப்பேட்டைப் பக்கம் மனை மலிவு, ஆனால் அங்கிருந்து வேலைக்குப் போய்வர முடியாது. சூளகிரிப் பக்கம் கல்குவாரித் தூசி. குந்தாரப்பள்ளிக்கு அருகே ஓர் ஊர் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பஸ் வாசலில் நிற்கும். தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். சரி என்று தலையாட்டிவிட்டு, ஊர்ப் பெரியவர்களோடு பேசிவர டீக்கடைக்குப் போன ஜெபதுரை, திரும்பி வந்ததும் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, சந்தை நாளில் ரோடு அடைத்துக்கொள்ளும், பஸ் தவறிப்போகும் என்றார்.

கடைசியில் பிடித்தது இந்த ஊரை. குருபரப்பள்ளியில் இறங்கி உள்ளே வெகுதூரம் வர வேண்டும். போர் தண்ணீர் உப்பு. பாதிப் பேர் வீட்டில் பேசுவது தெலுங்கு. குடம் தூக்கி வரும்போதெல்லாம், "நல்லா பாத்திய ஊரு" என்று அவள் குத்துவாள். அவர் சிரித்துவிட்டுக் குடத்தை வாங்கிக்கொள்வார்.

இப்போது பெட்டியருகே குனிந்து, "எல்லாம் பாத்தியளே. குழிக்கு எடம் பாத்தியளா?" என்றாள். மகள் ஃபெபா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

அந்த நேரத்தில்தான் கங்கப்பன் வந்தார். இந்த மனையை அவர்களுக்கு விற்றவர். பின்பக்கத்து மாந்தோப்பும் அவருடையதுதான். பந்தலுக்குள் வராமல் வெளியிலேயே நின்று, உங்கள் சனத்தோடு சொந்த ஊரில் வைப்பதுதான் முறை, வேண்டுமானால் என் டெம்போவை எடுத்துப் போங்கள் என்றார்.

பவுலினா நேராக அவர் எதிரில் போய் நின்றாள். "மனை விக்கயில இத ஏன் சொல்லல?"

கங்கப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தரையைப் பார்த்தபடி பேசினார்.

"அவரு கேட்டாரும்மா."

"என்னது?"

"மொத நாளே கேட்டாரு. எனக்கு நெஞ்சு சரியில்ல, ஏதாச்சும் ஆனா இங்க எடம் கெடைக்குமான்னு. பொண்டாட்டி புள்ள நெனச்சா வந்து பாத்துட்டுப் போற தூரத்துல இருக்கணும்னாரு. குந்தாரப்பள்ளிப் பக்கத்துல மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னுட்டாங்களாம். நான் சரின்னதும் என் கையப் புடிச்சிக்கினாரு."

"ஏன் சரின்னிய?"

"மனை விக்கணுமே. அப்ப பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன்."

இத்தனை காலம் ஜெபதுரையைக் குத்திய குத்தெல்லாம் பவுலினாவுக்கு ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் பயப்படுவாள் என்று, பஸ் தவறிப்போகும் என்றாராம். பொய்யைக்கூட உருப்படியாகச் சொல்லத் தெரியாத மனிதர். அந்தக் கோபமும் சேர்ந்து கங்கப்பன்மேல் திரும்பியது.

"அவருக்கு வாக்கு குடுத்தது ஊரு இல்ல. நீங்க. உங்க தோப்புல வெட்டுங்க."

"என்னைய ஊர்ல ஒதுக்கிருவாங்கம்மா."

"ஒதுக்கட்டும். எப்படி இருக்குன்னு தெரியட்டும்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. கங்கப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். போகிறவனைப் பாரு என்று வெஸ்லின் பல்லைக் கடித்தான். மறுபடி போனை எடுத்து, மைனியைப் பார்த்துவிட்டு, பைக்குள் வைத்தான்.

வெயில் ஏறியபோது தோப்பிலிருந்து மண் வெட்டும் சத்தம் கேட்டது. ஓரத்து மாமரங்களின் அடியில் ஓடிய சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி ஒதுக்கிவிட்டு, கங்கப்பன் தனியாக வெட்டிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. ஜெபதுரையோடு வேலை பார்த்தவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள்.

ஜெபவீட்டுப் பாஸ்டர் சுருக்கமாக ஜெபித்தார். ஃபெபா மண் போட்டாள். வெஸ்லின் குலுங்கிக் குலுங்கி அழுதான். பவுலினா ஒரு பிடி மண்ணை எடுத்து, போட மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்து, கடைசியாகப் போட்டாள்.

எல்லோரும் போன பிறகும் அவள் போகவில்லை. கங்கப்பன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. வெட்டும்போது ஒரு குழாய் அறுந்திருந்தது போலும், மரங்களுக்குத் தண்ணீர் விட அவர் மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் பீச்சி, புது மண்ணின் ஓரத்தைக் கரைக்கத் தொடங்கியது.

"தண்ணி போவுது" என்றாள்.

அவர் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைத் தேடி எடுத்துவந்து குந்தினார். தனியாளாகக் குழாயை மடக்கிக் கட்ட வரவில்லை. பவுலினா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, வேறெங்கோ பார்த்தபடி, அவர் கட்டி முடிக்கும்வரை அறுந்த முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.