நடுக்கொக்கின் வாய்க்கோடு

காலிதீன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கொக்கின் கழுத்தைத் தடவினால் போதும். அது எந்தக் குளத்தில் மீன் தின்றது, அந்த மீனின் வாப்பா எந்தக் குளத்தான் என்பதுவரை சொல்லிவிடுவான். சாய்ந்தமருதில் இதை நம்பாதவர்கள் இருவர்தான். ஒருவர் காது கேளாதவர். மற்றவர் காலிதீனின் மனைவி ஹப்ஸா.

மலையடியில் பெரிய அணை கட்டி முடித்த மறுவருடம், அங்கே வேலை பார்த்த, தமிழ் பேசும் பறங்கி எஞ்சினியர் ஒருவர் கமராவும் கையுமாகக் கடலோரக் களப்புக் கரையெல்லாம் திரிந்து பறவைகளைப் படம் பிடித்தார். படங்களைக் கல்முனையில் ஜெமீலின் ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தவர், "எது என்ன பறவையெண்டு சரியாச் சொல்ற ஆளை வெள்ளிக்கிழமை பாப்பன். அவர் ரெண்டு மாசம் என்னோட ஜீப்பில வரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப்பில், அதுவும் முன் ஆசனத்தில்! காலிதீன் அன்றைக்கே தொப்பியைத் துவைத்துக் காயப்போட்டான்.

தொப்பி காய்வதற்குள் சரீப் புகுந்துவிட்டான். சரீப் ஹப்ஸாவின் அண்ணன். மருதமுனைக் கைத்தறிச் சாரம் விற்கிறவன். கொக்கைச் சோற்றில் ஊற்றிய ஆணத்தில் தவிர வேறெங்கும் உற்றுப் பார்த்தறியாதவன். அப்படிப்பட்டவன் ஸ்டூடியோவில் பத்துப்பேர் முன்னால் படங்களைப் புரட்டியிருக்கிறான்.

"படத்தில கலரும் இல்ல. எல்லாக் கொக்கும் ஒரே அளவில நிக்கிது. பெரிசு சின்னது எப்பிடித் தெரியும்?" என்று ஜெமீல் கேட்டானாம்.

"வாயைப் பாருங்க. வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் போனாப் பெருங்கொக்கு. கண்ணுக்குக் கீழ நிண்டா நடுக்கொக்கு" என்றானாம் சரீப்.

அது, பறவை பிடித்து அறுப்பதே தொழிலான காலிதீனின் கண்டுபிடிப்பு. பறவையை அறுக்கும்போது சொண்டைப் பொத்திப் பிடிப்பவனின் கட்டைவிரல் வாய்முடிவில் போய் நிற்கும். ஆயிரம் கழுத்து அறுத்த பிறகு அந்த விரல் சொன்ன சங்கதி அது. ஒருநாள் கத்தியும் கையுமாக இருந்தபோது மச்சான்தானே என்று சரீபுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

"எங்கட காக்காக்கு என்ன கண்!" என்று அண்ணனை மெச்சினாள் ஹப்ஸா.

"அது என்ட கண், புள்ள."

"அப்ப ஏன் அவர்ர மூஞ்சில இரிக்கி?"

அன்று காலிதீனின் வயிற்றெரிச்சலில், இறக்கி வைத்த சோற்றுப்பானை மறுபடி ஒருமுறை கொதித்தது என்று ஹப்ஸா சொல்லுவாள். அவள் பொய் சொல்லமாட்டாள். அதற்கு அவளுக்கு நேரமில்லை.

வியாழன் நடுப்பகலில் காலிதீன் ஸ்டூடியோவுக்குப் போனான். ஜெமீல் சட்டைக்கையை மடித்துக்கொண்டு, "நல்ல நேரம் வந்தீங்க காக்கா. லுஹர் தொழுதிட்டு வாறன், கடையைப் பாத்துக்கங்க" என்று இறங்கிப் போனான்.

காலிதீன் கடையை நன்றாகப் பார்த்தான். மேசையில் படங்கள். ஒன்றில் நடுக்கொக்கு, வாய்க்கோடு கண்ணுக்குக் கீழே அடக்கமாக நின்றது. பக்கத்தில், மாப்பிள்ளைமாரின் மீசைக்கு ஜெமீல் கறுப்பேற்றும் டச்சிங் பென்சில். எந்த வேலைக்கும் பிஸ்மி சொல்லித் தொடங்கும் காலிதீன், இந்த வேலைக்கு மட்டும் சொல்லவில்லை. கோட்டைக் கண்ணுக்கு அப்பால் ஒரு சீரகம் அளவுக்கு நீட்டிவிட்டான். இனி அந்தப் படத்தைப் பெருங்கொக்கென்று சொல்லும் சரீபின் மூக்கை, கொக்கின் தலையையும் சொண்டையும் காட்டியே உடைத்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எஞ்சினியர் வந்தார். சனமும் கூடியது. முதல் ஏழு படங்களும் ஊரே அறிந்த பறவைகள், இருவரும் ஒன்றுபோலவே சொன்னார்கள். எட்டாவது அந்தக் கொக்கு.

"பெருங்கொக்கு" என்றான் சரீப்.

"நடுக்கொக்கு" என்றான் காலிதீன்.

எஞ்சினியர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "கோடு கண்ணைத் தாண்டுதே."

"தலை உருண்டையா இரிக்கி ஐயா. சொண்டும் கட்டை."

"கோடு தாண்டுதே!"

சரீப் சபையைப் பார்த்துச் சிரித்தான். "மச்சான், இந்தக் கோட்டுக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கதானே? இப்ப நீங்களே மாத்திக் கதைக்கிறீங்க?"

மூன்று நாளாகக் காலிதீன் கேட்கத் துடித்த வார்த்தை அது. வந்த நேரம்தான் சரியில்லை. எஞ்சினியர் படத்தைத் திருப்பிப் பேனையைத் திறந்தார். ஒரு நடுக்கொக்கின் முதுகில் பெருங்கொக்கு என்று எழுதப்போகிறார்கள், அதுவும் சரீபின் சொல்லைக் கேட்டு. காலிதீன் பேனைக்குக் குறுக்கே கையை நீட்டினான்.

"எழுதாதீங்க ஐயா! அந்தக் கோடு நான் போட்டது!"

வெளியே வண்டில் மாடுகூட அசைபோடுவதை நிறுத்தியது. எஞ்சினியர் விரலை நனைத்துத் தேய்த்தார். கோடு விரலோடு வந்தது.

"நடுக்கொக்குத்தான்" என்றார். "உங்களுக்குத் தெரிஞ்ச அளவு இவருக்குத் தெரியாது. ஆனா இவர் என்ட படத்தில கை வைக்கமாட்டார்."

சரீப் முன் ஆசனத்தில் ஏறினான். ஜீப் தெற்கே திருக்கோவில் பக்கம் புறப்பட்டது. சந்தியைத் தாண்டவில்லை, சரீப் கையை நீட்டி, "அந்தா ஐயா, நீர்க்காகம்!" என்றான்.

"அது பாம்புத்தாரா!" என்று கத்திக்கொண்டு காலிதீன் பின்னால் ஓடினான். "கழுத்தைப் பாருங்க ஐயா, கழுத்தை!"

சாய்ந்தமருதில் வீட்டு வேலியோரம் நின்ற ஹப்ஸாவைக் கடந்தும் ஓடினான். காரைதீவு வருவதற்குள் பதினேழு பறவைகளைத் திருத்திவிட்டான். ஒவ்வொன்றுக்கும் எஞ்சினியர் வேகத்தைக் குறைத்து எழுதிக்கொண்டார். கடைசியில் ஜீப்பை நிறுத்தி, "ஏறுங்க. பின்னால இடமிரிக்கி" என்றார்.

காலிதீன் மூச்சிரைக்கப் பின் ஆசனத்தைப் பார்த்தான். பிறகு முன் ஆசனத்தில் சாய்ந்திருந்த சரீபைப் பார்த்தான்.

"வேணாம் ஐயா, நீங்க போங்க" என்றான். "நான் ஓடியே வாறன்."