விளக்கு அணைந்த பிறகுதான்

கடிதம் ஏற்கெனவே தயாராகி வந்திருந்தது. என் கையெழுத்துக்கு மட்டும் கீழே இடம் விட்டிருந்தார்கள்.

"டிஸ்க்கின் பச்சை விளக்கு அணைவதற்கு முன்பே ஊழியர் அதை உருவியிருக்கிறார். எங்கள் மென்பொருளில் குறை எதுவும் காணப்படவில்லை. சோதித்தவர்: பொறியாளர் ஐலேன் புஸ்தோஸ்."

ஐலேன் நான். நான் எதையும் சோதிக்கத் தொடங்கியிருக்கவில்லை.

ஊழியர் என்று அதில் இருந்தவர் ஒத்தீலியா ஃபரியாஸ். எங்கள் அலுவலகம் இருக்கும் கோர்தொபாவிலிருந்து மலையைத் தாண்டி மூன்று மணி நேரப் பயணத்தில் ஒரு சிறிய அரசு மருத்துவமனை. அங்கே எக்ஸ்ரே பிரிவில் பதினேழு வருடங்களாக வேலை பார்க்கிறார். மார்பகப் பரிசோதனைப் படங்கள் எங்கள் கம்பெனியின் சேமிப்புப் பெட்டியில் இருந்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் நகல் டிஸ்க்கை உருவிவிட்டு வேறொன்றைச் செருகுவார். சென்ற வெள்ளியன்று அப்படி உருவியபோது பெட்டி நின்றுபோனது. அந்த வாரம் எடுத்த நாற்பத்தோரு பெண்களின் படங்கள் அழிந்தன. ஒத்தீலியாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வரும் செவ்வாய்க்கிழமை விசாரணை. எங்கள் கடிதத்தை வைத்துத்தான் முடிவு.

"போட்டுடு, ஒல்லி," என்றார் எங்கள் குழுத் தலைவர் ஃபப்ரிசியோ லுதுவெஞ்ஞா. "விளக்கு எரியுறப்ப உருவாதீங்கன்னு பெட்டி மேலயே ஒட்டியிருக்கோம். அதுக்கு மேல நாம என்ன, கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

"ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுப் போடறேன்."

"ஓட்டு, ஓட்டு. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு எனக்குக் கையெழுத்து வேணும்."

எனக்குத் தொலைபேசியில் பேச வராது. கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒத்தீலியாவை அழைத்தேன். சேமிப்புப் பெட்டிக் கம்பெனியிலிருந்து என்று சொன்னதுமே அவர் தொடங்கிவிட்டார்.

"விளக்கு அணைஞ்சப்புறம்தான் எடுத்தேன், மகளே. அணைஞ்சப்புறமும் இருபது வரைக்கும் எண்ணுவேன். டிஸ்க்குக்கு ஜெபம் பண்றியான்னு என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவாரு. உங்க விளக்கை நான் என்னைக்குமே நம்பினதில்ல."

"வேற ஏதாவது கவனிச்சீங்களா?"

"அன்னைக்கு முழுக்க அந்த டிஸ்க் மெதுவா இழுத்துக்கிட்டே இருந்துச்சு. சொன்னேன். யார் காதுல விழுந்துச்சு? இப்ப என்னடான்னா, கடிதம் வர்றதுக்கு முன்னாடியே உங்க ஆளுங்க ஆஸ்பத்திரிக்குப் போன்ல சொல்லிட்டாங்க, கோர்தொபாவுல இன்ஜினியர் அம்மா ஒருத்தி சோதிச்சுட்டாளாம், தப்பு என் மேலதானாம். அவளைப் பார்த்தா கேளு. நான் உருவுறப்ப அவ எங்க நின்னு பார்த்துக்கிட்டிருந்தான்னு கேளு."

அது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நல்ல டிஸ்க்கைச் செருகி நாற்பது முறை உருவினேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு, இழுத்துக்கொண்டே இருந்தது என்று அவர் சொன்னதை நினைத்து, அலமாரியிலிருந்து ஒரு கிழட்டு டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். மூன்றாவது முறையே பெட்டி நின்றது. விளக்கு அணைந்து இருபது எண்ணிய பிறகுதான் உருவியிருந்தேன்.

ஒரு டிஸ்க்கைச் செருகியதும் இயங்குதளம் அதற்கென நினைவகத்தில் ஒரு பதிவை வைக்கிறது. அந்தப் பதிவைப் பயன்படுத்தும் ஒவ்வொரு பகுதியும் ஓர் எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். வேலை முடிந்ததும் ஒன்று குறைக்க வேண்டும். எண் பூஜ்யமானால் யாரும் பயன்படுத்தவில்லை என்று பொருள். விளக்கு அணையும், அந்த இடம் வேறு வேலைக்குக் கொடுக்கப்படும். குறைக்க மறந்தால் விளக்கு அணையவே அணையாது. அது தொல்லை, அவ்வளவுதான். ஒருமுறை அதிகமாகக் குறைத்தால் டிஸ்க்கில் எழுதும் வேலை பாதியில் இருக்கும்போதே விளக்கு அணைந்துவிடும். அந்த இடத்துக்கு வேறொருவர் குடிவந்த பிறகும் பழைய வேலை அங்கேயே எழுதிக்கொண்டிருக்கும்.

எங்கள் நிரலில் 'தேடு' என்று ஒரு செயற்கூறு. பெயரில் தேடல் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே சத்தமில்லாமல் எண்ணை ஒன்று கூட்டிவிடும். நிரல் போகும் ஒரு வழியில் அதை யாரும் குறைக்கவில்லை. விளக்கு அணைவதில்லை என்று புகார் வந்ததும், எல்லா வழிகளும் வந்து சேரும் பொது வாசலில், வரி 1184இல், யாரோ ஒரு குறைப்பைப் போட்டிருந்தார்கள். டிஸ்க் தாமதமாகப் பதில் சொல்லும் வழியோ தன் எண்ணை முன்பே குறைத்துவிட்டு வருகிறது. அங்கே இரண்டு முறை குறைந்தது.

போட்டவர் ஃபப்ரிசியோ. மார்ச் மாதம், வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு முந்தைய நாள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். யாருக்கும் தவறு வரும். ஆனால் இப்படிப்பட்ட தவறுகளைப் பிடிக்கவே கூட்டலும் குறைத்தலும் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்கும் ஒரு சிறிய சோதனை நிரலை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அது அன்றே வரி 1184ஐக் காட்டியிருக்கிறது. அந்த எச்சரிக்கையைப் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்து, பக்கத்தில் 'வெறும் சத்தம்' என்று எழுதியிருந்தார். பட்டியலில் அறுபத்தைந்து வரிகள். எல்லாவற்றுக்கும் அதே இரண்டு சொற்கள்.

அந்த வரியைத் தேதியோடும் பெயரோடும் அச்செடுத்தேன். 

திங்கள் பதினோரு மணிக்கு, வழக்கம்போல் கிரிசெல்டா எல்லோருக்கும் மாத்தே என்ற இலைப் பானத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். சோதனைப் பிரிவில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவள். ஒரே குடுக்கை, ஒரே உறிஞ்சுகுழல், ஒருவர் மாற்றி ஒருவர். போதும் என்றால் நன்றி சொல்ல வேண்டும். அதன் பிறகு அவருக்கு ஊற்ற மாட்டாள். எல்லோரும் சொன்னதும் இலையைக் கொட்டிக் கழுவிவிடுவாள்.

"கையெழுத்து?" என்றார் ஃபப்ரிசியோ.

"போட மாட்டேன். விளக்கு பொய் சொல்லியிருக்கு. நம்ம விளக்கு."

"ஐயோ, ஒல்லிக்குக் குரல் வந்துடுச்சு! கிரிசெல்டா, இலையில என்ன போட்ட?"

சிலர் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை.

"இப்ப ஃபப்ரிசியோ கையில குடுக்கை இருக்கு. நான் போதும்னு ஒரு தடவை சொல்றேன். நான் சொன்னது தெரியாம இன்னொருத்தர், ஐலேனுக்குப் போதுமாம்னு மறுபடி சொல்றாரு. கிரிசெல்டா கணக்குல ரெண்டு பேர் முடிச்சாச்சு. இங்க குடிக்கிறதே ரெண்டு பேர்னா?"

"எல்லாரும் முடிச்சாச்சுன்னு, அவர் உறிஞ்சிக்கிட்டிருக்கிறப்பவே பிடுங்கிக் கொட்டிடுவேன்," என்றாள் கிரிசெல்டா. "அப்ப ரெண்டாவது தடவை சொன்னது யாருடி?"

சோதனை முடிவை மேசையில் வைத்தேன். தேதியும் பெயரும் அதில் இருந்தன. ஃபப்ரிசியோ குடுக்கையைக் கீழே வைத்தார்.

"சரி. அடுத்த பதிப்புல சத்தமில்லாம சரி பண்ணிடலாம். திருத்தம் வேற, கடிதம் வேற. அந்த அம்மாவுக்கு எப்படியும் ஓய்வு பெறுற வயசு."

"வெறும் சத்தம்னு சொல்லித்தான் இங்க வந்து நிக்கிறோம்," என்றேன். "நாப்பத்தோரு பேரு மறுபடி மலையேறிப் போய் மார்பை எக்ஸ்ரே மிஷின் தட்டுகளுக்கு நடுவுல குடுக்கணும். அதுல யாருக்குக் கட்டி இருக்கோ யாருக்குத் தெரியும்? அவங்களுக்கும் ஓய்வு பெறுற வயசுன்னு சொல்லுவீங்களா?"

கடிதத்தை அவர் பக்கமே தள்ளினேன்.

எங்கள் நிரல் எல்லோரும் படிக்கும் திறந்த நிரல். திருத்தங்கள் பொது மடல் குழுவுக்குத்தான் போகும். எந்தப் பழைய மாற்றத்தின் பிழை இது, யார் தெரிவித்தது என்று ஒவ்வொன்றின் அடியிலும் எழுதுவது வழக்கம். அன்று பிற்பகல் என் திருத்தத்தை அனுப்பினேன். 'தேடு' இனி 'தேடிப்பிடி'. பிடித்த செயற்கூறே விட வேண்டும். கூட்டல் குறைத்தல் சோதனையில் தேறாத மாற்றம் இனி நிரலுக்குள் நுழையாது. புறக்கணிப்புப் பட்டியல் இனி இல்லை. அடியில் மார்ச் மாத மாற்றத்தின் எண்ணை இட்டேன். தெரிவித்தவர் என்ற இடத்தில் ஒத்தீலியா ஃபரியாஸ் என்று எழுதினேன்.

"அந்த மார்ச் வரியை மட்டும் எடுத்துடேன், ஐலேன்," என்று ஃபப்ரிசியோ என் மேசைக்கு வந்து கேட்டார். அன்றுதான் முதல்முறையாக ஒல்லி என்று சொல்லாமல் கூப்பிட்டார்.

"அனுப்பியாச்சு."

அந்தத் திருத்தத்தின் பக்கத்தை அச்செடுத்து, நடந்ததை எளிமையாக ஒரு பத்தி எழுதி, கையெழுத்திட்டு, மறுநாள் விசாரணைக்குள் சேரும்படி மாலைப் பேருந்தில் மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஒத்தீலியாவையும் அழைத்தேன். இந்த முறை தாள் இல்லை.

"நீங்க கேக்கச் சொன்ன இன்ஜினியர் நான்தான். நீங்க உருவுறப்ப நான் எங்கயும் நின்னு பார்க்கல. அந்தக் கடிதத்துல கையெழுத்தும் போடல."

 "அப்ப இனிமே எத்தனை வரைக்கும் எண்ணணும்?" என்றார்.

"எண்ண வேண்டாம்."

"எண்ணுவேன்," என்றார் அவர். "உங்க ஆளுங்களை எனக்குத் தெரியும்."

புதன்கிழமை அவர் வேலைக்குத் திரும்பினார். எங்கள் கம்பெனியிலிருந்து யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. புறக்கணித்திருந்த மற்ற அறுபத்து நான்கு எச்சரிக்கைகள் என் திரையில் இருந்தன. முதலாவதைத் திறந்தேன். அதுவும் வெறும் சத்தம் இல்லை.