நாற்பத்தோராவது காசு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்த ஃபோனைக் கவிழ்த்து வையுங்கள். நான் சொல்லப்போவதும் ஃபோனுக்குள் நடந்ததுதான், ஆனாலும் காதால் கேட்டால்தான் அதற்கு ருசி. ஒரு காசைவிட, அதன் மேல் ஒட்டிய காகிதத்துக்கு மரியாதை கூடிப்போன கதை இது.

பழைய காசு சேர்க்கிறவர்கள் காசை நேராக நம்பமாட்டார்கள். யாராவது பார்த்து மார்க்குப் போட்டிருக்க வேண்டும். அதற்கென்றே ஓர் ஆபீஸ் இருந்தது. வெளியில் வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஸ்வெட்டர் போடுகிற அளவுக்குக் குளிர். மூன்று நிபுணர்கள் கையுறை மாட்டிக்கொண்டு, விளக்கடியில் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க்குப் போடுவார்கள். தேய்மானம், கீறல், பளபளப்பு எல்லாம் பார்ப்பார்கள். வருஷத்தை மட்டும் பார்க்கமாட்டார்கள். அது எழுத்துவேலையாம், நிபுணர் வேலை இல்லையாம்.

அந்த எழுத்துவேலைதான் நம் அக்காவுக்கு; லேபிள் ஒட்டுகிறவள் என்பதால் பசை அக்கா என்றே பெயர். கணினியில் விவரத்தை அடித்து, லேபிளை எடுத்து, காசோடு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, மிஷினில் அழுத்துவாள். 'விர்ர்' என்று ஒரு சத்தம், பெட்டி மூடிக்கொள்ளும். பிறகு உடைத்தால்தான் உண்டு. உடைத்தால் மார்க்கும் போச்சு. கடைசியாக ஒருவர் சரிபார்ப்பார். எதை? கணினியில் இருப்பதும் லேபிளில் இருப்பதும் ஒன்றா என்று. இரண்டையும் அடித்தவள் அக்காதான். பிறகு எப்படி வேறுபடும்?

ஒருநாள் ஒரு வியாபாரியின் நாற்பது காசுகள் வந்தன. எல்லாம் ஒரே ரகம், முப்பத்தேழாம் வருஷத்துக் காசு. அதே தட்டின் ஓரத்தில் ஒரு தையற்காரர் அனுப்பிய ஒற்றைக் காசும் இருந்தது. அக்கா ஒரு வரியை அடித்தாள், நாற்பது முறை நகலெடுத்தாள். கை ஓடிய ஓட்டத்தில் நாற்பத்தோராவது முறையும் எடுத்துவிட்டாள். யாருக்கும் தெரியவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆன்லைன் ஏலத்தைத் திறந்து, தான் ஒட்டிய லேபிள்கள் எங்கெங்கே குடியேறுகின்றன என்று பார்ப்பது அக்காவின் பொழுதுபோக்கு. பத்து நாள் கழித்து அந்த ஒற்றைக் காசு விற்பனைக்கு வந்திருந்தது. 'கண்ணில் புரை, ஆபரேஷனுக்காக விற்கிறேன்' என்று தையற்காரர் கீழே எழுதியிருந்தார். அக்கா படத்தைப் பெரிதாக்கினாள். வருஷத்தின் கடைசி எண், லேபிளில் ஏழு. காசில் ஒன்று, குச்சி மாதிரி நேராக நின்றது.

அக்கா மனசுக்குள் விலையைக் கணக்குப் போட்டாள். முப்பத்தேழு என்றால் ஒரு ஜோடி செருப்பு விலை. முப்பத்தொன்று ஊரில் நாலைந்துதான் இருக்கும். ஒரு கண் என்ன, இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்து மீதியும் வரும். ஏலம் முடிய இரண்டே நாள்.

தலைமை நிபுணரிடம் ஓடினாள். அவருக்குக் கழுகுக்கண் என்று பட்டப்பெயர். தானே வைத்துக்கொண்டது. டீ குடிக்கிற கோப்பையிலும் அதையே அச்சடித்து வைத்திருந்தார்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"எங்கம்மா?"

"நம்ம ஆபீஸ்லதான்."

"நம்ம ஆபீஸ்ல தப்பு நடக்காது. வாசல்ல போர்டு தொங்குது, தினம் அதைத் தாண்டித்தானே வர்றே?"

ஃபோனை நீட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "ஏழுதான் இது. கொஞ்சம் தேஞ்ச ஏழு."

"தேஞ்சிருந்தா அறுபத்தாறு மார்க்கு எப்படி சார் போட்டீங்க?"

அவர் ஃபோனைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தார். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "லேபிள் ஒட்டுறது உன் வேலை. வாயை ஒட்டிக்கறதும் அதுல சேர்த்தி. நாளைக்கும் வேலைக்கு வரணும்ல?"

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஏறி இறங்கியும் சொந்தமாக ஒரு படி ஏறாத மனுஷன்.

"அடிப் பைத்தியமே, கும்பிடப் போன சாமி குறுக்கே வந்து நிக்குது. ஆருக்கு என்ன சொல்லணும்? நாமளே செருப்பு விலைக்கு வாங்கிப் போட்டா ஆயுசுக்கும் வாடகைக் கவலை இல்ல!"

"கண்ணு தெரியாத மனுஷனோட காசுங்க அது."

"நாம என்ன திருடவா போறோம்? லேபிள்ல இருக்கிற விலையைத்தானே குடுக்கறோம்?"

அந்த லேபிளை ஒட்டியது யார் என்று அவர் மறந்துவிட்டார். அக்கா மறக்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அவள் விரல் ஏலம் கேட்கிற பொத்தான் மேல் கொஞ்சநேரம் இருந்தது. கூரையில் ஒழுகிய இடத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு விரலை எடுத்து, தையற்காரருக்கு எழுதினாள்: 'ஐயா, லேபிளை விடுங்கள், காசைப் பாருங்கள்.'

உடனே பதில் வந்தது: 'அம்மா, மூணு நிபுணருங்க பார்த்தது. பேரம் பேச இது புது வழியா? வசதி இல்லேன்னா ஒதுங்கிக்கோங்க.'

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்கே போனாள். ஓர் ஆள் நின்றால் இன்னோர் ஆள் வெளியில் நிற்க வேண்டிய கடை. ஒரு மிஷின், ஒரு கண்ணாடி, தரை முழுக்க நூல். தையற்காரர் ஊசியை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நூலைப் பக்கத்துக் காற்றில் கோத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து எழுதினது நான்தாங்கண்ணே."

"ஓ, விலை குறைக்கிற அம்மாவா?"

"குறைக்க இல்ல, ஏத்தச் சொல்லி வந்திருக்கேன்."

"விலையை ஏத்துன்னு வாங்க வர்றவங்களே சொல்றது இப்பத்தாம்மா கேக்கறேன். வேற ஏதோ ஏமாத்து இது."

அதற்குள் வாசலில் ஒரு பருத்த மனிதர், பாதிவரை மாட்டிய சட்டையோடு மூச்சு வாங்க நின்றார். "என்னய்யா தச்சிருக்கே? கழுத்துப் பட்டையில எக்ஸ்எல்னு போட்டிருக்கு, பொத்தான் சேரவே மாட்டேங்குது!"

"அண்ணே, பட்டை ரோலா வாங்கித் தைக்கிறது. அது என்ன வேணாச் சொல்லும். உங்க வயிறு அதைப் படிச்சுட்டா வளருது? வாங்க, டேப்பு வெச்சுப் பாப்போம்..."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். டேப்பு கழுத்தில் தொங்கியது. திரும்பி அக்காவைப் பார்த்தார். பிறகு டிராயரைத் திறந்து பெட்டியை எடுத்து, நூல் கோக்க வைத்திருந்த பெரிய லென்ஸை அதன் மேல் பிடித்தார். பருத்தவரும் குனிந்தார்.

"ஒண்ணுய்யா அது," என்றார் பருத்தவர். "பச்சைக்குழந்தையும் சொல்லும்."

"எந்தப் புண்ணியவான்மா ஏழு போட்டது?"

"நான்தாங்கண்ணே."

தையற்காரர் லென்ஸைக் கீழே வைத்தார். "வேலை போயிடாதா உங்களுக்கு?"

"போகும்னுதான் சொல்லியிருக்காங்க."

ஏலத்திலிருந்து இறக்குவதற்காக அவர் ஃபோனைக் கொடுத்தார். ஃபோனில் அவர் கண்ணுக்கு எழுத்து தெரியாது; இதுவரை படித்துச் சொன்னதும் எழுதிக் கொடுத்ததும் எதிர்க்கடைப் பையன்தான். அக்கா திறந்து பார்த்தாள். முதல்நாள் வரை யாரும் சீந்தாத காசை இப்போது ஒருவர் நாலு முறை விலை ஏற்றிக் கேட்டிருந்தார், வேறு யாரும் முந்திவிடக் கூடாதே என்று, செருப்பு விலைக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக. பெயரைப் படித்தாள். 'கழுகுக்கண் எழுபது.'

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. பிறகு சிரிப்பையே வைத்துக்கொண்டாள். இறக்குவதற்கு முன்னால், அந்தப் பக்கத்தை எதிர்க்கடையில் பிரிண்ட் எடுக்கச் சொன்னாள்.

மறுநாள் காலையில் தையற்காரர் ஆபீஸுக்கு வந்தார், கையில் பெட்டி, பையில் காகிதம். கழுகுக்கண் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "புகார்னா ஃபாரம் இருக்கு, கட்டணம் இருக்கு, மூணு மாசம் ஆகும். பார்த்தவரைக்கும் அது ஏழுதான்."

"சரிங்க சார். ஏழாவே இருக்கட்டும். ஏழுக்கு ஒருத்தர் நாலு வாட்டி விலை ஏத்திக் கேட்டிருக்காரு, பாவம். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, அவர் பேரை நீங்களே கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

காகிதம் மேஜைமேல் வந்தது, கோப்பைக்குப் பக்கத்தில். இரண்டிலும் ஒரே கழுகுக்கண். மற்ற இரண்டு நிபுணர்களும் விளக்கடியிலிருந்து தலையைத் தூக்கினார்கள். அவர்கள் அத்தனை கூர்ந்து பார்த்ததை அந்த ஆபீஸ் அதுவரை பார்த்ததில்லை.

பத்தே நிமிஷம். பெட்டி உடைந்தது, புது லேபிள் வந்தது, மார்க்கு மட்டும் அப்படியே. கட்டணம் இல்லை. மூடுகிற மிஷினை அக்காதான் அழுத்தினாள். இந்தமுறை காசை மூன்று தரம் பார்த்துவிட்டு அழுத்தினாள்.

வேலை? போகவில்லை. அவளை அனுப்பினால் அந்தக் காகிதத்தின் கதையும் அவளோடு வெளியே போகும் அல்லவா? வாசல் போர்டில் மட்டும் ஒரு வரி சேர்ந்தது: 'இங்கே தப்பு நடக்காது. நடந்தால் உடனே திருத்தப்படும்.' அதையும் அக்காதான் ஒட்டினாள்.

காசு நல்ல விலைக்குப் போயிற்று. ஆபரேஷன் முடிந்து கண்கட்டுப் பிரித்த அன்று தையற்காரர் ஒரே மூச்சில் ஊசி கோத்தாராம். பழைய லேபிளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். பட்டையைக் காட்டிச் சண்டைபோட யாராவது வந்தால், அந்த ஏழாம் எண்ணைக் காட்டிவிட்டு டேப்பை எடுப்பாராம்.

அவ்வளவுதான் கண்ணுகளா. வீட்டுக்குப் போங்கள். உங்கள் அடுக்களையில் சர்க்கரை என்று எழுதிய டப்பாவில் சர்க்கரையே இருக்கட்டும், உப்பு என்று எழுதியதில் உப்பே இருக்கட்டும். தப்பாக ஒட்டியிருந்தாலும், ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்க அந்த வீட்டில் ஒருத்தி இருக்கட்டும். அவள் கண்ணும் கையும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.